புது கேமிங் மானிட்டரைச் சோதிப்பது எப்படி: படம், அசைவு, மெனு

பெட்டியைப் பிரித்து, கேபிளைச் செருகி, பிடித்த கேமைப் போட்டதும் கண்ணுக்குத் தெரிவது பேனலின் (படத்தைக் காட்டும் திரைப் பகுதியின்) உண்மையான தரம் அல்ல, ஆலையில் வைத்து அனுப்பிய செட்டிங்குகள். அவற்றில் பல, கடை வெளிச்சத்தில் பக்கத்து மானிட்டரைவிடப் பளிச்சென்று தெரியும்படி வைக்கப்பட்டவை: பிரைட்னஸ் உச்சத்தில், வெள்ளையில் நீலம் பாய்ந்து, ஷார்ப்னஸ் கூடுதலாக. அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு நல்லது, மோசம் என்று முடிவு கட்டக் கூடாது.

சோதிக்கும்போது கண்ணில் படும் ஒவ்வொரு குறைக்கும் மூன்று இடங்களில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிக்னல் தப்பாக இருக்கலாம், மெனுவில் ஏதோ ஒன்று தப்பாக இருக்கலாம், அல்லது பேனலே அப்படித்தான். முதல் இரண்டையும் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். மூன்றாவதை எந்த மெனுவாலும் சரிசெய்ய முடியாது, மானிட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள், கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். சிக்னலைப் பார்க்காமல் நிறத்தைத் திருத்தினால், பிறகு திருத்தியதையெல்லாம் மறுபடி திருத்த வேண்டிவரும்.

முதலில் சிக்னல்

மானிட்டரோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். மதர்போர்டில் உள்ள போர்ட்டில் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் இப்போது எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று தெரியும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருப்பது மிகவும் சாதாரணம், மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

பட்டியலில் உச்ச ஹெர்ட்ஸே இல்லையென்றால், கேபிளோ போர்ட்டோ அவ்வளவு டேட்டாவைத் தாங்கவில்லை என்று பொருள். எச்டிஎம்ஐ 2.0 வழியே 1440பி ரெசொல்யூஷன் என்றால் 144 ஹெர்ட்ஸ், 4கே என்றால் 60 ஹெர்ட்ஸ்தான் முழு நிறத்தோடு வரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4, 4கே படத்தை 8 பிட் நிறத்தில் 120 ஹெர்ட்ஸ் வரை சுருக்காமல் கொண்டுவரும், அதற்கு மேல் டிஎஸ்சி என்னும் சுருக்க முறை வேண்டும். ‘எச்டிஎம்ஐ 2.1’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்தத் தரத்தின் உச்சம் 48 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 48 கிகாபிட்) என்றாலும், பாதி வேகத்தோடு நின்றுவிடும் மானிட்டர்கள் இருக்கின்றன. எந்தப் போர்ட்டில் எந்த ரெசொல்யூஷனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்று கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கறுப்பு வெளுத்துப்போவது. எச்டிஎம்ஐ போட்டால் சில சமயம் கிராஃபிக்ஸ் கார்டு மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு, கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான அளவுகளை 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டியதை 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். மானிட்டர் முழு அளவை எதிர்பார்ப்பதால் கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் தெரியும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ‘ஃபுல்’ என்றும், ஏஎம்டியில் பிக்சல் ஃபார்மட்டை ‘ஆர்ஜிபி 4:4:4 ஃபுல்’ என்றும் வையுங்கள். மானிட்டர் மெனுவிலும் எச்டிஎம்ஐ ரேஞ்ச் என்று ஒன்று இருந்தால் அதுவும் இதோடு ஒத்துப்போக வேண்டும். கார்டு ஃபுல்லாக அனுப்பி, மானிட்டர் லிமிடெட் என்று எடுத்துக்கொண்டால் இருட்டான காட்சிகளில் ஒன்றுமே தெரியாது.

கறுப்புப் பின்னணியில் சிவப்புச் சிறு எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். ஓரங்கள் பிசிறினால் நிறத் தகவல் 4:2:2 அல்லது 4:2:0 என்று குறைக்கப்பட்டு வருகிறது. இதைப் பேனலின் குறை என்று நினைத்து மானிட்டரைத் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். ஹெர்ட்ஸை ஒரு படி இறக்கினாலோ டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறினாலோ சரியாகிவிடும்.

இருட்டும் வெளிச்சமும்

மெனுவில் ரீசெட் கொடுத்துவிட்டு, படத்தில் தானாகக் கைவைக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள்: டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு, ஷேடோ பூஸ்ட் (இருட்டுப் பகுதிகளை மட்டும் வெளுக்க வைப்பது), தானியங்கி பிரைட்னஸ். விண்டோஸின் நைட் லைட்டும், வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆரும் அணைந்திருக்கட்டும். அரை மணி நேரம் மானிட்டர் ஓடட்டும். எல்சிடி சூடேறி நிலைக்கு வரும்வரை பிரைட்னஸும் நிறமும் லேசாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

பிரைட்னஸ் என்பது எல்சிடியில் பின்விளக்கின் அளவு, உங்கள் அறைக்கு ஏற்பவே அதை வைக்க வேண்டும். அளவுகருவி இருந்தால் மங்கலான அறைக்கு 120 நிட் (வெளிச்சத்தின் அலகு) அளவும், பகல் வெளிச்சம் விழும் அறைக்கு 200 நிட்டோ அதற்கு மேலோ வையுங்கள். கருவி இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை குறையுங்கள். அந்த நிலையில் மெனு எண் எவ்வளவு என்று பாருங்கள். பூஜ்யத்துக்குக் கொண்டுபோயும் கண் கூசினால், இரவில் விளையாடுபவருக்கு அது பெரிய குறை. இதை எந்த விவரப் பட்டியலும் சொல்வதில்லை, உச்ச பிரைட்னஸை மட்டுமே போட்டிருப்பார்கள்.

பிறகு லாகோம் தளத்தின் கறுப்பு அளவுச் சோதனைப் படத்தைத் திறந்து, விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பின்மேல் படிப்படியாக வெளுக்கும் கட்டங்கள் அதில் இருக்கும். முதல் ஓரிரண்டு கட்டங்கள் தெரியாமல் போவது பரவாயில்லை. அதற்குமேல் பல கட்டங்கள் மொத்தமாகக் கறுப்பில் மூழ்கினால், இருட்டு மூலையில் ஒளிந்திருக்கும் எதிரியும் மூழ்கிவிடுவான். காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாயல்களின் வெளிச்சம்) அமைப்பை 2.2-க்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். மெனுவில் 2.2 என்று எழுதியிருப்பது உண்மையில் 2.2 ஆக இருக்கும் என்ற உறுதி இல்லை, ஆகவே எண்ணைப் பார்க்காமல் கட்டங்களைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். வெள்ளைப் பக்கத்துக்கும் இதேபோல் ஒரு படம் உண்டு. 250-க்கு மேல் எண்ணிட்ட கட்டங்கள் வெள்ளையோடு கலந்துவிட்டால் கான்ட்ராஸ்ட் எண்ணைச் சில படி இறக்குங்கள். கான்ட்ராஸ்ட்டை ஆலை வைத்த இடத்துக்கு மேலே ஏற்றுவதால் எந்தப் பயனும் இல்லை.

பேனல் வகை இங்கே விதித்த எல்லையை மெனுவால் மீற முடியாது. ஐபிஎஸ் என்றால் கான்ட்ராஸ்ட் (கறுப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு வெளிச்சம் என்பது) ஏறத்தாழ 1000:1, விஏ என்றால் 3000:1 சுற்றுவட்டாரம், ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பு. ஐபிஎஸ்ஸில் இருட்டு அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரிவது பழுது அல்ல.

நிறம்

கண் எந்த வெள்ளைக்கும் பத்து நிமிடத்தில் பழகிவிடும் என்பதால், நிறத்தைக் கண்ணால் மட்டும் திருத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. முதலில் மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்னும் பொது நிறத் தரத்துக்கான மோடு இருக்கிறதா என்று தேடுங்கள். இன்றைய மானிட்டர்கள் பலவற்றின் நிறப் பரப்பு எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது. சாதாரண கேம்களும் இணையப் படங்களும் எஸ்ஆர்ஜிபிக்காகச் செய்யப்பட்டவை என்பதால், கட்டுப்படுத்தாமல் விட்டால் முகங்கள் சிவந்தும் புல் மின்னும் பச்சையாகவும் தெரியும். அது பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது துல்லியம் அல்ல. எஸ்ஆர்ஜிபி மோடில் நுழைந்ததும் பிரைட்னஸ் நகராமல் பூட்டிக்கொள்கிறதா என்று உடனே பாருங்கள். சில மானிட்டர்களில் பூட்டிக்கொள்ளும், அப்போது அந்த மோடு இருந்தும் இல்லாத கணக்குதான்.

வெள்ளைக்கு 6500கே என்ற நிற வெப்பநிலை அல்லது ‘வார்ம்’ என்பதை எடுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை செல்லும் சாம்பல் பட்டையைத் திரை முழுக்கப் போட்டு, நடுவில் எங்காவது இளஞ்சிவப்போ பச்சையோ எட்டிப் பார்க்கிறதா என்று தேடுங்கள். பட்டை வழவழப்பாக இல்லாமல் கோடு கோடாகப் பிரிந்தால், கிராஃபிக்ஸ் டிரைவரிலோ மெனுவிலோ செய்த நிறத் திருத்தம் அதிகமாகிவிட்டது என்று முதலில் சந்தேகியுங்கள். எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகும் கோடு இருந்தால் அது பேனலின் வேலை.

ஷார்ப்னஸுக்குக் கறுப்பு எழுத்து போதும். எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் தெரிந்தால் கூடுதல், எழுத்து கலங்கினால் குறைவு. நடுநிலை எண் மானிட்டருக்கு மானிட்டர் மாறும்.

பரப்பின் சீர்மை

முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திரை முழுக்கப் போட்டால் செத்த பிக்சலும் ஒரே நிறத்தில் சிக்கிக்கொண்ட பிக்சலும் தெரிந்துவிடும். எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், வாரன்டி வாசகத்தைப் படியுங்கள்.

மூலைகளில் ஒளி கசிவதைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஐபிஎஸ் பேனலில் கோணத்தால் வரும் பளபளப்பும், சட்டகம் இறுக்கியதால் பின்விளக்கு கசிவதும் ஒன்றுபோலவே தெரியும். திரையில் கறுப்பை வைத்துவிட்டு இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போங்கள், தலையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். இடம் மாறி மங்கினால் அது பளபளப்பு, அந்த வகைப் பேனல் எதிலும் இருக்கும். அதே இடத்தில் அப்படியே நின்றால் அது கசிவு. போனில் படமெடுத்தால் கேமரா எக்ஸ்போஷரைக் கூட்டி எதையும் பூதாகரமாகக் காட்டும் என்பதால், படத்தை வைத்துப் பயப்படாதீர்கள்.

பாதிச் சாம்பலைத் திரை முழுக்கப் போட்டும் ஒருமுறை பாருங்கள். அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், பனிநிலமோ வானமோ வரும் கேமில் கேமராவைத் திருப்பும்போது அந்தத் திட்டுகள் நகராமல் நின்று உறுத்தும்.

அசைவு

கேமிங் மானிட்டரின் தரத்தைத் தீர்மானிப்பது இந்தச் சோதனைதான். பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் என்று பெட்டியில் உள்ள ‘1 மில்லி விநாடி’ என்ற எண்ணை இங்கே மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஓவர்டிரைவை (பிக்சலை வேகமாக மாற்றும் அமைப்பை) உச்சத்தில் வைத்து, மிக வேகமான நிற மாற்றத்தில் எடுத்த எண். பக்கத்தில் எம்பிஆர்டி (அசையும் படம் கலங்கும் நேரம்) என்று இருந்தால், பின்விளக்கை விட்டு விட்டு ஒளிரச் செய்து எட்டிய எண்.

டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தின் கோஸ்டிங் சோதனையைத் திறங்கள். பறக்கும் தட்டு விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும். ஒரு தட்டின்மேல் கண்ணை நிறுத்தி அதோடு கூடவே நகர்த்துங்கள். ஓர் இடத்தையே வெறித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இப்போது மூன்று விஷயங்கள் கண்ணில் படலாம்.

தட்டின் ஓரம் இரு பக்கமும் ஒரே மாதிரி கலங்கியிருந்தால் அது பேனலின் மந்தம் அல்ல. ஒவ்வொரு ஃபிரேமும் (தனித்தனிப் படமும்) அடுத்தது வரும்வரை திரையில் அசையாமல் நிற்பதால் வரும் கலங்கல் அது. 960 பிக்சல் வேகத்தில் 60 ஹெர்ட்ஸில் ஃபிரேமுக்கு 16 பிக்சல் அகலத்துக்குக் கலங்கும், 120-இல் 8, 240-இல் 4. பேனல் எவ்வளவு வேகமானதானாலும் இது குறையாது, ஹெர்ட்ஸைக் கூட்டினாலோ பின்விளக்கை விட்டு விட்டு ஒளிரச் செய்தாலோதான் குறையும்.

தட்டுக்குப் பின்னால் மங்கலான வால் நீண்டால் பிக்சல் நேரத்துக்கு மாறி முடிக்கவில்லை. 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 6.94 மில்லி விநாடி. அதற்குள் மாறாத பிக்சல் பழைய படத்தை அடுத்த ஃபிரேமுக்கும் இழுத்துக்கொண்டு போகும். விஏ பேனல்களில் கறுப்பிலிருந்து கரும் சாம்பலுக்கு மாறுவதுதான் மிக மெதுவாக நடக்கும். இருண்ட குகையில் கேமராவைத் திருப்பினால் நிழல்கள் மை தடவியதுபோல் இழுபடுவது அதனால்தான். சோதனைப் படத்தின் பின்னணியை அடர்த்தியாக மாற்றி இதைத் தனியாகப் பாருங்கள்.

வால் கறுப்பாக இல்லாமல் வெளிறியோ, எதிர்நிறத்திலோ ஒளிவட்டம்போல் தெரிந்தால் ஓவர்டிரைவ் அளவுக்கு மீறிவிட்டது. பிக்சலை வேகமாக மாற்றக் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள், அது இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. மெனுவில் ‘ரெஸ்பான்ஸ் டைம்’, ‘ஓவர்டிரைவ்’, ‘டிரேஸ் ஃப்ரீ’ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இது இருக்கும். ஒவ்வொரு நிலையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான மானிட்டர்களில் நடு நிலையே நன்றாக இருக்கும், உச்ச நிலை விளம்பர எண்ணுக்காக மட்டுமே வைத்தது.

உச்ச ஹெர்ட்ஸில் சரியாக இருக்கும் ஓவர்டிரைவ், ஹெர்ட்ஸ் குறைந்தால் அதிகமாகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 144-இல் சோதித்துத் திருப்தியான பிறகு, விண்டோஸில் 100-க்கும் 60-க்கும் இறக்கி அதே தட்டைப் பாருங்கள். உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு கனமான கேமில் 70 எஃப்பிஎஸ்தான் (விநாடிக்கு 70 ஃபிரேம்தான்) தருகிறது என்றால், நீங்கள் உண்மையில் வாழப்போவது அந்த வேகத்தில்தான். ஒவ்வொரு கேமுக்கும் மெனுவைத் திறந்து ஓவர்டிரைவை மாற்றத் தேவையில்லாத மானிட்டரே மேல்.

அதே தளத்தில் ஃபிரேம் விடுபடும் சோதனையும் இருக்கிறது. போன் கேமராவின் ஷட்டரை விநாடியில் பத்தில் ஒரு பங்காக வைத்துப் படமெடுங்கள். ஒளிரும் கட்டங்கள் இடைவெளி இல்லாமல் தொடர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒன்று விட்டு ஒன்று இருண்டிருந்தால், மானிட்டர் 165 என்று சொல்லிக்கொண்டு பாதி ஃபிரேம்களைத் தவறவிடுகிறது. ‘ஓவர்கிளாக்’ என்று மெனுவில் தனியாக ஏற்றும் ஹெர்ட்ஸில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பின்விளக்கை விட்டு விட்டு ஒளிரச் செய்யும் மோடு இருந்தால் போட்டுப் பாருங்கள், கலங்கல் நன்றாகக் குறையும். பதிலுக்கு பிரைட்னஸ் விழும், சிலருக்குக் கண் வலிக்கும், பெரும்பாலும் அடுத்து வரும் விஆர்ஆரோடு சேர்ந்து இயங்காது.

விஆர்ஆர்

ஃப்ரீசிங்க், ஜிசிங்க் என்ற பெயர்களில் வரும் மாறும் ரெஃப்ரெஷ் ரேட், கேமின் எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மானிட்டரை நடத்தும். மெனுவிலும் டிரைவரிலும் இரண்டிலும் அதை இயக்க வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வது வழக்கமான தவறு. மானிட்டர் மெனுவில் ரெஃப்ரெஷ் ரேட் எண்ணைத் திரையில் காட்டும் வசதி இருந்தால், விளையாடும்போது அந்த எண் எஃப்பிஎஸ்ஸோடு ஏறி இறங்க வேண்டும். 144-இலேயே நின்றால் விஆர்ஆர் இயங்கவில்லை. எஃப்பிஎஸ்ஸை உச்ச ஹெர்ட்ஸுக்கு மூன்று நான்கு குறைவாக, 144 என்றால் 140 அளவில் கட்டி வையுங்கள். இல்லையென்றால் உச்சத்தைத் தொடும்போது படம் குறுக்கே வெட்டியதுபோல் கிழியும் அல்லது தாமதம் கூடும்.

மினுமினுப்பைத் தேட வேண்டிய இடம் லோடிங் திரை. அங்கே எஃப்பிஎஸ் தாறுமாறாகக் குதிக்கும். ஃபிரேம் நிற்கும் நேரம் மாற மாற பிக்சலின் வெளிச்சமும் லேசாக மாறுவதால், அடர்சாம்பல் பரப்புகள் துடிப்பதுபோல் தெரியும். விஏவிலும் ஓஎல்இடியிலும் இது அதிகம். லோடிங் திரையில் மட்டும் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், விளையாட்டின் நடுவிலும் வந்தால் எஃப்பிஎஸ்ஸைச் சீராக வைக்கும் அளவுக்கு கிராஃபிக்ஸ் செட்டிங்குகளை இறக்கிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் அந்த மானிட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தவில்லை.

எச்டிஆர்

டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 சான்றுக்குப் பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் வசதி கட்டாயமில்லை. அந்த வசதி இல்லாத எல்சிடியில் எச்டிஆரைப் போட்டால் திரை முழுக்கப் பளிச்சென்று ஆவதும் கறுப்பு வெளுப்பதும்தான் மிச்சம். எச்டிஆர் இல்லாத சாதாரண எஸ்டிஆரிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வசதி இருந்தால், கறுப்புத் திரையில் வெள்ளை மவுஸ் முனையை மெதுவாக நகர்த்துங்கள். முனையைச் சுற்றி வட்டமாக ஒளி கூடவே வரும். பகுதிகள் குறையக் குறைய அந்த வட்டம் பெரிதாகும். விண்டோஸ் 11-இல் எச்டிஆர் கேலிப்ரேஷன் என்ற ஆப்பை ஓட்டிய பிறகே கேமில் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மெனுவும் பொத்தானும்

இதுவரை செய்த திருத்தங்கள் எல்லாம் நிலைக்குமா என்பது இங்கேதான் தெரியும். பின்புறம் ஒற்றை ஜாய்ஸ்டிக் இருந்தால் பாராமலே இயக்கலாம். அடிப்பக்கம் வரிசையாக நான்கைந்து பொத்தான் இருந்து, பவர் பொத்தானும் அதே வடிவில் பக்கத்திலேயே இருந்தால், விளையாட்டின் நடுவில் பிரைட்னஸைக் குறைக்கப் போய் மானிட்டரையே அணைத்துவிடுவீர்கள். இருட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். பிரைட்னஸ், இன்புட் மாற்றம், மோடு மாற்றம் மூன்றும் இரண்டு அழுத்தத்துக்குள் வர வேண்டும். ஜாய்ஸ்டிக்கின் திசைகளுக்கு நாமே வேலை ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பிறகு எது எதைப் பூட்டுகிறது என்று பாருங்கள். ஃப்ரீசிங்க் போட்டதும் ஓவர்டிரைவ் சாம்பலாகிவிடுகிறதா? எச்டிஆரில் நிறமும் பிரைட்னஸும் தொட முடியாமல் போகிறதா? ஷூட்டர் கேமுக்கான ‘எஃப்பிஎஸ்’ மோடில் நிற வெப்பநிலை மாற்ற விடுகிறதா? கேம் மோடுகளில் பெரும்பாலானவை காமாவையும் ஷார்ப்னஸையும் கண்டபடி ஏற்றி வைத்தவை. ‘கஸ்டம்’ அல்லது ‘யூசர்’ என்று ஒன்று இருந்து எல்லாவற்றையும் அதில் மாற்ற முடிந்தால் மற்றவற்றைத் திறக்கவே வேண்டாம். ஷேடோ பூஸ்ட் போட்டிப் போட்டு விளையாடும் ஷூட்டருக்கு உண்மையிலேயே உதவும், ஓரிரு படிக்கு மேல் போனால் காட்சியின் ஆழமே போய்விடும்.

இன்புட் லேக்கை, அதாவது மவுஸை அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவிலுள்ள தாமதத்தை, கண்ணால் அளக்க முடியாது. மெனுவில் ‘லோ லேக்’ என்றோ ‘இன்ஸ்டன்ட் மோடு’ என்றோ இருந்தால் இயக்கிவிட்டு, போனில் 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷனில் மவுஸ் அழுத்துவதையும் திரையில் சுடுவதையும் சேர்த்துப் படமெடுத்து ஃபிரேம்களை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் என்பது 4.17 மில்லி விநாடி. மவுஸ், கம்ப்யூட்டர், மானிட்டர் மூன்றின் தாமதமும் இதில் சேர்ந்தே வரும், எனவே ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு செட்டிங்குகளை ஒப்பிட மட்டுமே இது பயன்படும். பல முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

கடைசியாக, எல்லா எண்களையும் மெனுவில் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்துக்கொண்டு, மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். இன்புட்டை மாற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள், எச்டிஆரைப் போட்டு அணையுங்கள், கம்ப்யூட்டரைத் தூங்கவிட்டு எழுப்புங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வோர் இன்புட்டுக்கும் தனி செட்டிங் வைக்கும் மானிட்டர்களில் கன்சோலுக்காக மாற்றியது கம்ப்யூட்டரைத் தொடாது. அப்படி வைக்காதவற்றில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் அளவைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தூங்கி எழுந்ததும் எண்கள் மாறிப்போனால் நிறுவனத்தின் தளத்தில் ஃபர்ம்வேர் (மானிட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று தேடி, மானிட்டரின் யுஎஸ்பி வழியே ஏற்றிப் பாருங்கள். அப்டேட் வசதியே இல்லாத மாடல் என்றால் அந்தக் குறை அதன் ஆயுள் முழுக்க இருக்கும்.